ஒரே பட்டப்பெயர், ஒரே ஆவணத் தொகுப்பு: சிங்கப்பூரில் நமக்கு இது ஒத்துவருமா?

#1 தேக்காக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனத்தில் ஓடும் ஒரு யோசனையை இங்கே வைக்கிறேன். சரியில்லை என்றால் தயங்காமல் போட்டு உடைக்கலாம்.

சீனர்களிடம் குடும்பப்பெயரை வைத்தே சங்கம், கோயில், வம்ச ஏடு எல்லாம் உண்டு. மேகசின் சாலையில் இருக்கும் 'தான்' (Tan) குலத்தார் கோயில் 1870களில் எழுந்தது. 'தான்' என்ற பெயருள்ள எவரும் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் ஆடம்ஸ் குடும்பக் காகிதங்கள் என்று ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. இரண்டு அதிபர்களைக் கொடுத்த குடும்பம். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் 1956இல் குடும்பமே கழகத்திடம் ஒப்படைத்தது. நுண்படமாக எடுத்ததில் மட்டும் 608 சுருள்கள்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் அப்படி ஒன்று கண்ணில் படவில்லை. அதனால் என் யோசனை: பெயருக்குப் பின்னால் வரும் பட்டப்பெயரை வைத்து ஒரு தொகுப்பு தொடங்கலாமே? உதாரணமாகப் 'பிள்ளை'. 1819இல் ராஃபிள்சோடு கப்பலில் வந்திறங்கிய நாராயண பிள்ளையில் ஆரம்பித்து, சிராங்கூன் சாலையில் கடை கடையாக நடத்திய பி. கோவிந்தசாமி பிள்ளை வழியாக, பெயர் வெளியே தெரியாத சின்னக் கடைக்காரர் வரை. யார் யார் வீட்டில் என்ன காகிதம் இருக்கிறதோ அதை ஒரே இடத்தில் சேர்ப்பது.

சொந்தக் காரணமும் உண்டு, மறைக்கவில்லை. தாத்தாவின் காகிதங்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. கடைக் கணக்கு, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த கடிதங்கள், கோயில் ரசீதுகள், கொஞ்சம் படங்கள். தாத்தா பெயரில் பிள்ளை உண்டு. அப்பா போடுவதில்லை, நானும் போடுவதில்லை. ஆனாலும் எங்கே சேர்ப்பது என்று வரும்போது அந்தப் பெயர்தானே அடையாளம்?

#2 குறுக்குக்கேள்வி

தம்பி, கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, "அப்பா போடுவதில்லை" என்று. அங்கேயே உங்கள் திட்டம் விழுந்துவிட்டது.

அப்பா ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்களா? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார், சிங்கப்பூருக்கும் வந்தார். அப்புறம் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம். அதில் கோ. சாரங்கபாணி. 1935 ஜூலையில் அவருடைய தமிழ் முரசு பத்திரிகை. இதையெல்லாம் படித்தும் கேட்டும் வளர்ந்தவர்கள் தங்கள் பெயரின் வாலை வெட்டினார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் நிறையப் பேர்.

'பிள்ளை தொகுப்பு' என்று ஒன்று வைத்தால் தாத்தா உள்ளே, அப்பா வெளியே. அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதம் எந்தப் பக்கம் போகும்? வீட்டில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்திருக்கலாம், அதற்குச் சாட்சியான காகிதத்தையே நடுவில் கிழித்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. சீனர்களின் குடும்பப்பெயரும் நம் பட்டப்பெயரும் ஒன்றில்லை. பிள்ளை, முதலியார், நாயுடு எல்லாம் ஒரு வம்சத்தைக் காட்டுவதில்லை. நாராயண பிள்ளைக்கும் கோவிந்தசாமி பிள்ளைக்கும் உறவு என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். நீங்கள் கட்டப்போவது சாதித் தொகுப்பு. நேராகவே சொல்லிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

#3 கிட்டங்கிப்பேரன்

குறுக்கண்ணே ஆரம்பித்துவிட்டார் 😄

பட்டப்பெயர் விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். 'செட்டியார்' என்று தேடினால் மார்க்கெட் ஸ்திரீட் முழுவதும் வந்து நிற்கும், ஒரு பயனும் இருக்காது. எங்களுக்குள் ஆளை அடையாளம் காட்டுவது விலாசம். அதாவது முன்னெழுத்துகள். தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக வரும், கடையும் அதே எழுத்துகளில்தான் நடக்கும். இரண்டு ராமநாதன் இருந்தாலும் விலாசம் வேறாக இருக்கும். கடிதத்தின் மேல், பேரேட்டின் அட்டையில், வெள்ளிப் பாத்திரத்தின் அடியில்கூட அதைப் பொறித்திருப்பார்கள். சுவீகாரம் போனவருக்கு விலாசம் மாறும். அது தெரியாமல் தேடினால் ஒரு பையன் பாதி வயதில் காணாமல் போனது போலவும், வேறொரு வீட்டில் திடீரென்று முளைத்தது போலவும் தெரியும்.

கிட்டங்கி பற்றித் தெரியாதவர்களுக்கு: செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய இடம். நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டியடி. ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு கடை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே ஏஜெண்டு பொதுவாக மூன்று வருஷக் கணக்குக்கு வருவார். கணக்கு முடிந்ததும் ஐந்தொகை, அதாவது முடிவுக் கணக்கு, ஊருக்குப் போய்விடும். ஆகவே சிங்கப்பூர்க் கடையின் உயிர்க்காகிதம் காரைக்குடிப் பக்கத்து வீட்டுப் பரணில் இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே மிஞ்சியது கோயில் சம்பந்தப்பட்டது. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859இலிருந்து இருக்கிறது.

பேரனாகப் பிறந்து நான் செய்ததெல்லாம் எங்கள் வீட்டுப் பேரேடுகளைப் படம் எடுத்தது மட்டும்தான். தமிழ் எண்களில் எழுதியிருக்கிறார்கள், படிக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

#4 பூன்லே_பாத்திமா

நானும் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆட்களை எந்தப் பெயரில் அடுக்குவீர்கள்? மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று சிலருக்கு உண்டு, பலருக்கு ஒன்றுமே இல்லை. 1887இலிருந்து 1890 வரை 'சிங்கை நேசன்' வாரப் பத்திரிகையை நடத்திய மகுதூம் சாயபு இருக்கிறாரே, அவர் பெயரைத் தமிழில் ஒரு நாலு விதமாகவும் ஆங்கிலத்தில் அதற்கு மேலும் பார்த்திருக்கிறேன். சாயபு என்பது குடும்பப்பெயர் என்று நினைத்து யாராவது அடுக்கினால் ஊரில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள்.

எங்களுக்கு ஊர்தான் முகவரி. கடையநல்லூர், தென்காசி என்று. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலேயே தொடங்கியது. ஊர் என்று கேட்டால் காகிதம் வரும், பட்டம் என்று கேட்டால் வராது.

அப்புறம் பெண்கள். தாத்தா, அப்பா, மகன் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அடையாள அட்டையில் ஒரு பெண்ணுக்குக் கடைசிவரை 'இன்னாரின் மகள்'. கல்யாணப் பத்திரிகையிலும் சங்க மலரிலும் கணவர் பெயரின் முன்னெழுத்து. ஒரே பெண்மணி இரண்டு ஆளாக இருப்பார். பட்டப்பெயர்த் தொகுப்பில் இரண்டிலும் இருக்க மாட்டார்.

#5 நூலடுக்கு

பாத்திமா சொன்ன கடைசிப் பத்தியை யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

நூலகத்தில் பட்டியலிடும் வேலையில் காலம் கழித்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேக்காக்காரன், ஆடம்ஸ் உதாரணத்தை எடுத்துக்கொண்டீர்கள். நல்ல உதாரணம். ஆனால் அங்கே எல்லாம் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் அவர்கள் எல்லாருக்கும் ஆடம்ஸ் என்று பெயர் இருப்பது இல்லை. அமெரிக்காவில் ஆடம்ஸ்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அவர்கள் காகிதம் அதில் இல்லை. அந்த ஒரு குடும்பம் கடிதங்களைத் தூக்கிப்போடவில்லை, ஒரே இடத்தில் வைத்தது. குவின்சியிலுள்ள வீட்டுப் பக்கத்தில் 1870இல் கல்லால் தனி நூலகமே கட்டியது, தீப்பிடிக்கக் கூடாது என்று. கணவன் மனைவிக்கு எழுதியது, மனைவி மகனுக்கு எழுதியது, மகன் பதில் போட்டது எல்லாம் அங்கேயே அடுத்தடுத்து இருந்தன. அந்த அடுத்தடுத்து இருப்பதுதான் சொத்து. பெயர் பின்னால் ஒட்டிய சீட்டு.

ஆவணக் காப்பகங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை விதி இது: ஒரு ஆளிடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ வந்தது ஒன்றாகவே இருக்க வேண்டும், மற்றவர் காகிதத்தோடு கலக்கக் கூடாது. அவர் வைத்திருந்த வரிசையையும் முடிந்தவரை கலைக்கக் கூடாது. கடை ரசீதுகளுக்கு நடுவில் ஒரு கடிதம் செருகியிருந்தால் அது ஏதோ காரணத்தோடு இருக்கிறது. "கடிதங்கள் எல்லாம் ஒரு பக்கம், ரசீதுகள் ஒரு பக்கம்" என்று நீங்கள் பிரித்து அழகு பார்த்தால் அந்தக் காரணம் போய்விடும். ஐம்பது வீட்டுக் காகிதங்களைக் கொண்டுவந்து பட்டப்பெயரில் கலந்தால் ஐம்பது வீடும் போய்விடும்.

அதனால் "யாருக்கெல்லாம் ஒரே பெயர்?" என்று கேட்பதை விடுங்கள். "எந்தக் காகிதங்கள் ஒரே பெட்டிக்குள் வாழ்ந்தன?" என்று கேளுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலோ அமெரிக்க நூற்பட்டியல் விதிகளில் தென்னிந்தியப் பெயர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயரை இயற்பெயரின் கீழ் பதிய வேண்டும். முன்னால் ஊரோ தந்தை பெயரோ வரலாம், பின்னால் சாதிப்பெயர் வரலாம் என்று அந்த விதியே சொல்கிறது. அதாவது வாலைப் பார்த்து அடுக்காதே என்று வெள்ளைக்காரனே எழுதி வைத்திருக்கிறான்! ஆனாலும் வால் இருக்கிற பெயரைப் பார்த்தவுடன் அதைப் பிடித்து இழுத்து முன்னால் வைத்துவிடுகிறார்கள்.

எழுத்துக்கூட்டல் அதைவிட மோசம். பிள்ளை என்பதை ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தில் முடிப்பவர் உண்டு, 'ஒய்' எழுத்தில் முடிப்பவர் உண்டு, அண்ணன் தம்பியே வேறு வேறாக எழுதுவதும் உண்டு. சாரங்கபாணிக்குத் தமிழில் முன்னெழுத்து 'கோ', ஆங்கிலத்தில் 'ஜி'. இரண்டையும் இணைத்துக் குறிப்பு போடாவிட்டால் இரண்டு ஆட்கள். சீனர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லாமல் இல்லை. ஒரே எழுத்து ஹொக்கியனில் 'தான்', கண்டோனீசில் 'சான்', மாண்டரினில் 'சென்'. ஆனால் அவர்களுக்குச் சீன எழுத்து ஒன்றாக இருப்பதால் எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். நமக்கு அந்த வசதி பாதிதான்.

இதற்கென்று பன்னாட்டு ஆவணக் கழகம் ஒரு தரநிலை வைத்திருக்கிறது. அமைப்புகள், தனிமனிதர்கள், குடும்பங்கள் என்று மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்க்குறிப்பு எழுதலாம். ஒருவருடைய மாற்றுப் பெயர்கள், உறவு, ஊர், தொழில் எல்லாம் அதில் போய்விடும். காகிதம் தன் பெட்டியிலேயே இருக்கும், குறிப்பு மட்டும் ஒன்றையொன்று காட்டும். தாத்தா 'பிள்ளை'யாகவே இருக்கட்டும், அப்பா வெறும் பெயராக இருக்கட்டும். குறிப்பு சொல்லும், இவர் அவருடைய மகன் என்று.

#6 தேக்காக்காரன்

அக்கா, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. பெட்டியைக் கலைக்கக் கூடாது என்பது புரிகிறது, ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. மக்களை வரவழைக்க ஏதாவது கொக்கி வேண்டாமா? "உங்கள் வீட்டு ஆவணங்களைக் கொடுங்கள்" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "எங்க வீட்ல என்ன இருக்கு, நாங்க என்ன பெரிய ஆளா" என்பார்கள். "உங்கள் பெயருள்ளவர்களின் வரலாறு" என்றால் காது கொடுப்பார்கள். சீனக் குலச் சங்கங்கள் இத்தனை வருஷம் நிற்பதற்கு அந்த ஒட்டுதல் காரணம் இல்லையா? சாதி என்று குறுக்கண்ணன் சொல்வதை ஒதுக்கிவிட்டுச் சொல்லவில்லை. ஆனால் பெயரில் இருந்ததை இல்லை என்று மறைப்பதும் வரலாற்றுக்குச் செய்யும் நியாயம் இல்லையே?

#7 கரையான்

நீங்கள் எல்லாரும் பெயர் வைத்துக்கொண்டிருங்கள். அதற்குள் என் இனத்தார் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

முதலில் அந்தக் காகிதங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன, தம்பி? பாம் ஷெல்டரில், அந்தக் கான்கிரீட் பாதுகாப்பறையில், என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

#8 தேக்காக்காரன்

பாம் ஷெல்டரில்தான். 😬 அரிசி மூட்டைக்கு மேல், பிளாஸ்டிக் பையில் கட்டி.

#9 கரையான்

கடவுளே.

இன்றைக்கே வெளியே எடுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுப் பாம் ஷெல்டரில் காற்றோட்டம் குறைவு. நம் ஊர் ஈரப்பதம் சாதாரணமாகவே எண்பதைத் தொடும். பிளாஸ்டிக் பைக்குள் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே நின்று பூஞ்சை பிடிக்கும். காப்பகங்களில் இருபது டிகிரி வெப்பம், ஐம்பது சொச்சம் ஈரப்பதம் என்று வைத்திருப்பார்கள். வீட்டில் அது முடியாது, சரி. ஆனால் படுக்கையறை அலமாரியில் நடுத்தட்டு எவ்வளவோ மேல். தரையில் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் படங்களையும் நெகட்டிவ்களையும் அதில் வையுங்கள்.

செய்யவே கூடாதது: செலோடேப். ஒட்டும்போது அழகாக இருக்கும், பத்து இருபது வருஷத்தில் பசை பழுப்பாக ஊறிக் காகிதத்தோடு ஒன்றாகிவிடும். லாமினேட் அதைவிடப் பாவம், திரும்ப எடுக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள், ரப்பர் பேண்டு இருந்தால் பொறுமையாக எடுத்துவிடலாம், ஆனால் எது எதோடு சேர்ந்திருந்தது என்று எழுதி வைத்துவிட்டு எடுங்கள். எழுதுவது பென்சிலில். காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். பூச்சி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மருந்து அடிக்காதீர்கள், தனியாக எடுத்து வைத்துவிட்டுக் காப்பகத்தில் கேளுங்கள். உறைய வைத்துப் பூச்சியைக் கொல்லும் முறை இருக்கிறது, அதை அவர்கள் செய்வார்கள். வீட்டு ஃப்ரீசரில் மீன் பக்கத்தில் நீங்கள் செய்ய வேண்டாம்.

பழைய ஃபேக்ஸ், வழவழப்பான ரசீது மாதிரி வெப்பத்தாள் எதுவும் இருந்தால் அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவை காத்திருக்கும், அது மங்கிவிடும்.

#10 வட்டுக்கோட்டைவேர்

இலங்கைத் தமிழர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். அவருடைய தனிப்பட்ட காகிதங்கள் இங்கே ஹெங் முய் கெங் டெரஸில் இருக்கும் யூசோஃப் இஷாக் ஆய்வுக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அங்கேயே சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர், யூதரான டேவிட் மார்ஷலின் காகிதங்களும் உண்டு, மலாயாவின் டான் செங் லாக்குடைய காகிதங்களும் உண்டு. மார்ஷல் என்பது குடும்பப்பெயர், டான் என்பதும் குடும்பப்பெயர். ராஜரத்தினம் மட்டும் அவருடைய சொந்தப் பெயர். முன்னெழுத்து 'சி' குறிக்கும் சின்னத்தம்பி என்பது தகப்பனார். மூன்றும் ஒரே நிலையத்தில் ஆளுக்கொரு தொகுப்பாக இருக்கின்றன, ஒரு குழப்பமும் இல்லை. ஆளின் பெயரில் வைத்தால் நமக்கும் சீனருக்கும் யூதருக்கும் ஒரே விதி பொருந்துகிறது. குடும்பப்பெயரில் வைக்கப் போனால்தான் நாம் உதைக்கிறோம்.

எங்கள் ஆட்களுக்கு 1910இலேயே சங்கம் இருக்கிறது, சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம். யாழ்ப்பாணத்து எழுத்துகளுக்கு 2005இலிருந்து நூலகம் என்ற மின்தளம் இருக்கிறது. கோயில் மலர், பள்ளி மலர், கல்வெட்டு எல்லாம் அதில் ஏற்றுகிறார்கள். கல்வெட்டு என்றால் எங்களுக்கு ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அச்சிடும் நினைவு மலர். அதில் வம்சாவளி இருக்கும், சில நேரம் மர வடிவத்தில் படமாகவே. பட்டப்பெயர் தேவையே இல்லை.

#11 குறுக்குக்கேள்வி

@தேக்காக்காரன்: பெயரை மறைக்கச் சொல்லவில்லை. தாத்தா கையெழுத்தில் பிள்ளை இருந்தால் அட்டையில் அப்படியே எழுதுங்கள். அதை வாசல் பலகையாக வைக்காதீர்கள் என்கிறேன். பலகை வைத்தவுடன் யார் உள்ளே வரத் தயங்குவார்கள் என்று யோசியுங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நகராட்சித் துப்புரவு வேலை பார்த்தவர், அவர்கள் பேரப்பிள்ளைகள். பட்டமே இல்லாத வீடுகள். நம்மிடம் அவர்களுடைய காகிதம்தான் குறைவு. அங்கே போய் 'உங்க பட்டம் என்ன' என்று கேட்டால் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது.

#12 மட்டுறுத்துநர்

எந்தச் சாதி பெரிது என்று ஆரம்பித்த இரண்டு பின்னூட்டங்களை எடுத்துவிட்டேன். இழை ஆவணங்களைப் பற்றியது. தொடருங்கள்.

#13 அம்மாச்சி_பேத்தி

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காக உள்ளே வந்தேன்.

வம்சாவளி வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, ஊர், முன்னெழுத்து, தாய்மாமன், யார் காலமாகிவிட்டார் என்பதுவரை அதில் இருக்கும். பெண்கள் பெயரும் இருக்கும். சீன வம்ச ஏடுகளில் மகள்களை எழுதாமல் விடுவது பழைய வழக்கம், நம் பத்திரிகை அந்த வகையில் எவ்வளவோ தேவலாம். தமிழ் முரசில் வரும் மரண அறிவிப்புகளும் அப்படித்தான். மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்தி, பிறந்த ஊர் எல்லாம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். பழைய முரசு பக்கங்கள் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில் இருக்கின்றன. நான் அம்மாச்சியின் அண்ணன் குடும்பத்தை அப்படித்தான் பிடித்தேன், ஸ்பெல்லிங்கை மாற்றி மாற்றித் தேடி.

மொய் நோட்டை மறந்துவிடாதீர்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பதைவிட, பெயருக்குப் பக்கத்தில் 'அங் மோ கியோ', 'செம்பவாங் கப்பல்தளம்', 'பி.எஸ்.ஏ.' (துறைமுகம்) என்று குறித்திருப்பார்கள். ஒரு குடும்பம் யாரோடெல்லாம் பழகியது என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

எங்கள் சங்கம் ஒன்றில் இடம் மாறியபோது பழைய கூட்டக் குறிப்புகளைக் காராங்குனிக்கு, அதாவது பழைய பேப்பர்க்காரருக்கு, போட்டுவிட்டார்கள். எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. எடைக்கு என்ன கிடைத்திருக்கும், இரண்டு தே தாரிக் காசு?

#14 நூலடுக்கு

மொய் நோட்டு அருமையான விஷயம், ஆனால் அங்கேதான் கவனமும் வேண்டும். அதில் இருப்பவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள். கடன் கணக்கு, அடையாள அட்டை எண், வைத்தியச் சீட்டு, யாரோ யாரையோ திட்டி எழுதிய கடிதம் எல்லாம் பெட்டியில் வரும். இதற்காகப் பொதுவில் திறக்காமல் இத்தனை ஆண்டு மூடி வைக்கவும் என்று நன்கொடைப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிக்கொள்ளலாம். பயந்து கிழித்துப்போடுவதைவிட அது நல்லது. முகநூலில் போடுவதைவிடவும் நல்லது.

உரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. தாத்தாவுக்கு வந்த கடிதம் என்றால் காகிதம் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது. அவர் இறந்து 70 ஆண்டுவரை அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். காப்பகத்தில் கொடுப்பதற்கு அது தடை இல்லை, அச்சிட்டுப் புத்தகம் போடும்போதுதான் பிரச்சினை. நீங்கள் கொடுக்கும்போதும் பொருளைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு. கையெழுத்துப் போடும் முன் எது எது என்று கேளுங்கள்.

எங்கே கொடுப்பது? கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகம், விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம். 2012இலிருந்து காப்பகம் நூலக வாரியத்தின் கீழ்தான் இருக்கிறது, அதனால் ஒரு கதவைத் தட்டினால் இன்னொன்றுக்கு வழி சொல்வார்கள். தனிநபர் கொடுத்த தொகுப்புகளை நூலகம் அவரவர் பெயரிலேயே வைத்திருக்கிறது. 1964இல் வரலாற்றாய்வாளர் 'தான் இயோக் சியோங்' கொடுத்தது அவருடைய நூலகத்தின் பெயரான யா யின் குவான் என்றே இன்றும் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லீ கிப் லின் தொகுப்பும் அப்படித்தான். பொருளாக இருந்தால், தராசு, கடைப் பலகை மாதிரி, கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையம். எல்லாவற்றையும் எல்லாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். "வேண்டாம்" என்றால் மனம் உடைய வேண்டாம், ஒரே மாதிரி ரசீது ஏற்கெனவே அவர்களிடம் நிறைய இருக்கலாம்.

கொக்கி வேண்டும் என்று கேட்டீர்கள், தேக்காக்காரன். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நான் தள்ளவில்லை. தேடுபொறியில் 'பிள்ளை' என்று அடித்தால் உங்கள் தாத்தா வரட்டும். அது தேடும் சொல்லாக இருக்கலாம், அலமாரியாக இருக்கக் கூடாது. மக்களிடம் போகும்போது தெருவை வைத்துக் கேளுங்கள், தொழிலை வைத்துக் கேளுங்கள். "சிராங்கூன் சாலையில் கடை வைத்திருந்த வீடுகள்" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையும் வருவார், ராவுத்தரும் வருவார், பட்டமில்லாதவரும் வருவார், பக்கத்துக் கடைச் சீனரும் வருவார். அவர்கள் பேரேடுகளில் ஒருவர் பெயர் இன்னொருவர் கணக்கில் இருக்கும்.

#15 கிட்டங்கிப்பேரன்

அக்கா சொன்ன கடைசி வரி சத்தியம். எங்கள் பேரேட்டில் பற்று எழுதியிருப்பவர்களில் பாதிப் பேர் சீனர்கள், பெயரெல்லாம் தமிழ் உச்சரிப்பில். 'லிம்' என்பதை எங்கள் ஐயா எழுதிய விதத்தைப் பார்த்து எந்த லிம்மும் தன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு சேதி: கோட்டையூர் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்தது, பழைய தமிழ்ப் புத்தகமும் இதழுமாக, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி. அவர் போனபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அதை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அவர் சேர்த்ததில் நோட்டீஸ், அழைப்பிதழ், நாடக விளம்பரம் எல்லாம் உண்டு. குப்பை என்று மற்றவர் சொன்னவை.

#16 தேக்காக்காரன்

சரி, 'பிள்ளை தொகுப்பு' யோசனையை இத்தோடு மூட்டை கட்டுகிறேன். குறுக்கண்ணன் ஜெயித்ததாகவே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் கொக்கி பற்றி நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போதைக்குச் செய்யப்போவது: காகிதங்களை அலமாரிக்கு மாற்றியாகிவிட்டது. எதையும் பிரிக்காமல், இருக்கும் வரிசையிலேயே கட்டுக்கட்டாகப் படம் எடுத்து எண் போடப்போகிறேன். அப்பாவின் காகிதங்களையும் சேர்த்துத்தான், பட்டம் போட்டாலும் போடாவிட்டாலும். பெரிய அத்தைக்கு வயதாகிறது. படங்களை அவரிடம் காட்டிப் பெயர்களைக் கேட்டுப் பென்சிலில் பின்பக்கம் எழுத வேண்டும். பேசுவதை ஃபோனில் பதிவும் செய்துகொள்வேன்.

#17 கரையான்

படத்தின் பின்பக்கம் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் தெரியும். உறையில் எழுதி, உள்ளே படத்தை வையுங்கள். எழுதிவிட்டுப் படத்தைப் போடுங்கள், போட்டுவிட்டு எழுதாதீர்கள்.

#18 பூன்லே_பாத்திமா

நூலடுக்கு அக்காவுக்கு ஒரு கேள்வி. எங்கள் நன்னாவின் (தாத்தாவின்) நோட்டு ஒன்று இருக்கிறது, தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில். அரபுத்தமிழ். வீட்டில் யாருக்கும் சரளமாகப் படிக்க வராது. ஓதும் புத்தகம் என்று நினைத்து இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தார்கள். நடுவில் பார்த்தால் துணி விலையும் கப்பல் தேதியும் இருக்கிற மாதிரி தெரிகிறது. இதை எப்படி ஸ்கேன் செய்வது, யார் வாங்குவார்கள்?

#19 நூலடுக்கு

பாத்திமா, கொடுப்பதைப் பற்றி அப்புறம் பார்ப்போம், முதலில் முழுவதையும் படம் எடுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. வலமிருந்து இடமாகப் புரளும் நோட்டு என்பதால் நமக்குக் கடைசி அட்டையாகத் தெரிவதுதான் முதல் பக்கம். கோப்பு எண்களை அந்த வரிசையில் போடுங்கள். சிலர் ஒரு பக்கமிருந்து கணக்கும் மறுபக்கமிருந்து துஆவும் எழுதி நடுவில் சந்திக்க விட்டிருப்பார்கள், அப்படி இருந்தால் இரண்டு வரிசையாகவே எண் போட்டு, எங்கே சந்திக்கிறது என்று குறித்துவிடுங்கள். அங்குலத்துக்கு நானூறு புள்ளி அடர்த்தி, வண்ணத்தில், டிஃப் கோப்பாக. மை மங்கியிருக்கும் என்பதால் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று பக்கத்தை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.